ஒரே கதவிலக்கம்

“பெட்டியை மடியில வை. சீற்றில வைக்காதை,” என்றார் அன்புராசா, காரைப் பின்னுக்கு எடுத்தபடி.

பின்னால் இருந்த மிதுனன் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அதற்குள் சில்லுப் பூட்டிய ஒரு சின்ன இயந்திரம் இருந்தது. நிலத்தில் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டால் அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தானே ஓடுமாம். பள்ளிக்கூடத்தில் செய்தது.

“இற்ஸ் ஓகே பெரியப்பா. பாரமில்லை.”

“பாரத்துக்குச் சொல்லேல்லை. சீற் ஊத்தையாகும்.”

சீற் ஏற்கெனவே ஊத்தைதான். முன் இருக்கையில் இருந்த மகள் நிலக்சி அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள்.

மிதுனன், அன்புராசாவின் மனைவி ஜெயமலருடைய தங்கை துர்க்காவின் மகன். நிலக்சியின் வயதுதான். காலையில் துர்க்கா வேலைக்குப் போகிற வழியில் அவனை யூனியன்விலிலிருந்து ஏற்றிவந்து, ஸ்காபரோவில் இவர்களுடைய அப்பார்ட்மென்ற் வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். அங்கிருந்து அவனை ரெக் ஸ்கூல் என்கிற தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அன்புராசா. அவருக்குப் பின்னேர ஷிஃப்ற். காலையில் சும்மாதானே இருக்கிறார் என்று அக்காவும் தங்கச்சியும் தங்களுக்குள் பேசி முடித்த விஷயம் அது.

ரெக் ஸ்கூல் முதலில் தொடங்கும். அதனால் நிலக்சியும் ஒவ்வொரு நாளும் அதன் வாசல்வரை போய்த்தான் தன்னுடைய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியிருந்தது. பழைய செங்கல் கட்டடம்; ஒரு பக்கம் மட்டும் புதிதாகக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடைசல் இயந்திரங்களும் கணினிகளும் வரிசையாகத் தெரியும். நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் பெட்டிகளோடும் வயர்களோடும் வந்து இறங்குவார்கள். அந்த நேரம் முழுவதும் நிலக்சி போனிலிருந்து தலையை எடுக்கமாட்டாள். அன்புராசாதான் பார்ப்பார். சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹோர்ண் அடிக்கும்வரை பார்ப்பார்.

போன தை மாதம் துர்க்காவின் புருஷன் குகேந்திரன் ஒரு பெரிய தட்டு நிறைய ரோல்ஸோடு வந்திருந்தான்.

“அண்ணை, ஒரு சின்ன உதவி. உங்கட அட்ரஸைக் கொஞ்சம் பாவிக்கவேணும்.”

அந்தப் பள்ளிக்கூடம் நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். நகர எல்லையான ஸ்டீல்ஸ் ரோட்டுக்கு அங்கால் இருந்தால் எடுபடாது. குகேந்திரன் வீடு வாங்கிய யூனியன்வில் அதற்கு அங்கால். வாங்கின காலத்தில், இஞ்சால பக்கம் இனி மனுசர் இருக்க ஏலாது என்று சொன்னதும் அவன்தான். அன்புராசாவுக்கு அது வாய்வரைக்கும் வந்தது.

“ஓம், அதுக்கென்ன,” என்றார்.

கதவிலக்கம் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் இருந்த அறையின் கதவிலக்கத்தை அங்கே படுக்காதவர்களெல்லாம் பாவித்தார்கள். யாருடைய கடிதமும் அங்கேதான் வரும். அதே அறையில் அவருக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவன் குகேந்திரன். இரண்டு பேரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். கணினி படிக்கிற இரவு வகுப்புக்கும் சேர்ந்துதான் பதிந்தார்கள். பனிக்காலம் வந்ததும் அன்புராசா ஓவர்ரைம் என்று நின்றுவிட்டார். குகேந்திரன் போனான். பிறகு, இளையவளுக்கு நல்ல பெடியன் ஒருத்தன் இருந்தால் சொல்லுங்கோ என்று மாமனார் கேட்டபோது, அவனைக் காட்டியதும் அன்புராசாதான். சகலனைத் தானே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து வைத்துக்கொண்ட ஆள்.

இப்போது குகேந்திரனுக்கு வங்கியில் கணினி வேலை. அன்புராசா பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நிற்கிறார். அதையெல்லாம் அவர் ஒருமாதிரி விழுங்கியிருந்தார். வீடும் வேலையும் அவரவர் ஓட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை அப்படியில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் நிலக்சிக்கு மேலே ஆளில்லை. ரெக் ஸ்கூலுக்குப் போகவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் அவள்தான். மிதுனன் தாய் சொன்னதால் விண்ணப்பித்தவன்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை இல்லை. குலுக்கல். ஒரே கதவிலக்கத்திலிருந்து இரண்டு பெயர் ஒரே குலுக்கலுக்குள் போகிறது என்பது சித்திரையில் முடிவு வரும்வரை அன்புராசாவுக்கு உறைக்கவில்லை. மிதுனனுக்கு விழுந்தது. நிலக்சி காத்திருப்போர் பட்டியலில் முதலாவது. ஐப்பசி முடியுமுன் யாராவது ஒருவர் விலகினால் அந்த இடம் அவளுக்கு. அதற்குப் பிறகு இல்லை.

“எல்லாம் உங்கட அட்ரஸின்ர ராசி, அண்ணை!” என்று குகேந்திரன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்புராசாவும் சிரித்தார்.

வீட்டில் சிரிப்பு வரவில்லை.

“உவன் ஒருத்தன் இல்லையெண்டா அந்த இடம் இவளுக்குத்தானே?”

“என்ன கதை கதைக்கிறியள்? அவன் என்ர தங்கச்சியின்ர பிள்ளை,” என்றாள் ஜெயமலர்.

“இவள் ஆற்ற பிள்ளை?”

“லொட்டறி விழுந்தவனைப் பிடிச்சுக் கள்ளன் எண்டுறியளே!”

“ரிக்கற் என்ர பேரில எல்லோ வாங்கினது.”

அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம் என்று பிள்ளைகளுக்கு லீவு. ஜெயமலர் வேலைக்குப் போய்விட்டாள். மிதுனன் யூனியன்விலில் நித்திரையாக இருந்திருப்பான். நிலக்சி அறைக்குள் இருந்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். ரெக் ஸ்கூலிலிருந்து வருவதாகச் சொன்னாள். நகரத்துக்கு வெளியே இருக்கிற பிள்ளைகள் சிலர் படிப்பதாகப் பெற்றோர் சிலர் முறைப்பாடு செய்திருக்கிறார்களாம்; நாலைந்து வீடுகளுக்குப் போகிறாளாம்; தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டுமாம்.

“மிதுனன் இங்கேதானே இருக்கிறார்?”

இல்லை. அந்த ஒரு சொல் போதும். சவரம் செய்யும்போதும், மூடிகள் பெட்டிக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதும், அந்தச் சொல்லை அவர் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வருத்தத்தோடு, தயக்கத்தோடு, உண்மைக்குப் பயந்த மனிதனைப்போல. அறைக் கதவு அரைவாசி திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து கதிரை அசைகிற சத்தம் வந்தது.

அவர் வாயைத் திறக்குமுன், அந்தப் பெண் ரீவிக்குப் பக்கத்தில் இருந்த இயந்திரத்தைக் கண்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் இங்கிருந்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகப் பஞ்சிப்பட்டு மிதுனன் விட்டுவிட்டுப் போனது.

“ஓ, இதுவா! இதைப்பற்றித்தான் ஆசிரியர்கள் கதைக்கிறார்கள். அந்த வகுப்பிலே முதன்முதலாக ஓடியது இதுதான்.” அவள் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். “உங்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் கொண்டுவந்து விடுகிறவர் நீங்கள்தானே? இப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். நீங்கள் பெருமைப்படவேண்டும்.”

இந்த நாட்டில் கழுத்தில் அட்டை போட்ட ஒருவர் அன்புராசாவைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை. சொல்லும்போது அவள் குகேந்திரனைப் பார்க்கவில்லை. குகேந்திரன் என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்ணாடிக் கட்டடமும் அதற்குள் ஓடிய முதல் இயந்திரமும் இப்போது இந்த வீட்டுக்கு, இந்தக் கதவுக்கு உரியவை.

“ஓம்,” என்றார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். “யேஸ். எங்களுடைய பிள்ளை. இங்கேதான் இருக்கிறான். இப்போது லைப்ரரிக்குப் போயிருக்கிறான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்க மனம் வரவில்லை.

“சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஆறு வயதில் என்னுடைய ரேடியோவைக் கழற்றிப் போட்டான். அடிக்கப் போனேன், திரும்பப் பூட்டித் தந்தான். சாப்பாட்டு மேசையிலும் கையில் பென்சில்தான். வெண்டிக்காய் வைத்தால் தொடமாட்டான். கணக்குச் செய்யும்போது தலைமயிரைச் சுருட்டிச் சுருட்டி இழுப்பான், தாய் பேசுவாள்.”

அந்தப் பெண் சிரித்தாள். “வேறு பிள்ளைகளும் இருக்கிறார்களா?”

“ஒரு மகள். அவளும் படிக்கிறாள்.”

“நல்லது,” என்று அவள் கையிலிருந்த ரப்லெற்றில் எதையோ தொட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு லிஃப்றை நோக்கி நடந்தாள்.

அன்புராசா கதவைப் பூட்டினார். நெஞ்சுக்குள் இருந்த சூடு இன்னும் அடங்கவில்லை. நல்ல சூடு. திரும்பினார். அறை வாசலில் நிலக்சி நின்றாள். ஒற்றை விரலில் மயிர் சுருண்டிருந்தது.

“வெண்டிக்காய் சாப்பிடாதது நான், அப்பா.”

அவர் கதவுச் சங்கிலியையும் மாட்டினார்.

“ரேடியோவும் நான்.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பலமாகக்கூடச் சாத்தவில்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. மழை பெய்தது. நேற்று வந்து போன பெண்ணைப் பற்றி ஜெயமலர் சொல்லியிருக்கவேண்டும்; துர்க்கா மிதுனனை இறக்கிவிட்டு, கண்ணாடியை இறக்கி, அத்தான், நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டம் என்றாள். நிலக்சி நேரத்தோடு எழும்பிப் பஸ்ஸில் போயிருந்தாள். மிதுனன் பின்னால் ஏறி, சொல்லாமலே பெட்டியை மடியில் வைத்தான். முன்னுக்கு வரவா என்று கேட்டான். வேண்டாம், அங்கேயே இரு என்றார். ரெக் ஸ்கூல் வாசலில் அவனை இறக்கினார். நிலக்சியின் பள்ளிக்கூடப் பக்கம் போகவேண்டியிருக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். மத்தியானம் குகேந்திரனும் நன்றி சொல்லப் போன் எடுத்தான். சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அவருடைய மெஷின் பழுதாகியிருந்தது. சூப்பர்வைசர் தும்புத்தடியைக் கொடுத்துக் கூட்டச் சொன்னான். கூட்டினார்.