நான்கு மூலையில் மட்டும் பசை

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க வாரப் பத்திரிகைகளின் அட்டைப்படங்கள்தான். அக்கம்பக்கத்து நான்கு வீடுகள் படித்து முடித்து, பத்திரிகை கடைசியாக எங்களிடம் வரும். தொடர்கதை பழசாகிவிட்டதே என்று அம்மா கவலைப்பட்டதில்லை. அட்டையைப் பக்குவமாகப் பிரித்து, மைதாப் பசை தடவி ஒட்டிவிடுவாள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படங்கள் மாறும். ஒன்று மட்டும் மாறாது. அறைக் கதவோரம், என் மூக்குக்கு நேரே, வெளுத்துப்போன ஒரு பெண், கையில் கிளியோடு நிற்பாள். மற்றப் படங்களுக்கு முதுகு முழுக்கப் பசை. இதற்கு நான்கு மூலையில் மட்டும்.

எனக்கு ஆறு வயதானபோது, அறுபதுகளின் கடைசியில், வெள்ளையடிக்க ஆள் வந்தார். அம்மா எல்லாப் படங்களையும் உரித்தாள், கிளிக்காரியைத் தவிர.

"இன்னாம்மா, இத்த மட்டும் உட்டுட்டே? பழசா கீது, கிழிச்சிப் போடு."

"அதைச் சுத்தி அடிங்க, போதும்" என்றாள் அம்மா.

பளிச்சென்ற புதுச் சுவரில் அந்த அழுக்குப் படம் எனக்குப் பொறுக்கவில்லை. அழகுணர்ச்சி அப்போதே கொஞ்சம் அதிகம். மறுநாள் அம்மா ரேஷன் கடைக்குப் போனதும், புதுப் படம் ஒன்றை ஒட்டி அவளை அசத்த நினைத்து, பழையதை ஈரத்துணியால் நனைத்து உரித்தேன். அடியில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக நான்கு பென்சில் கோடுகள், பக்கத்தில் ஏதோ எண்கள். நான்தான் கிறுக்கினேன் என்று திட்டு விழுமே! அழுத்தித் துடைத்தேன். சுண்ணாம்போடு கோடுகளும் வந்துவிட்டன.

அம்மா வந்து பார்த்தாள். "நான் கிறுக்கலைம்மா" என்று முந்திக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை அடுப்புப் பற்றவைக்கவில்லை.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் இருந்ததும், நான் பிறக்குமுன்பே, நான்கு வயதில், காய்ச்சலில் போனதும் பத்தாவது படிக்கும்போது பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவனை ஒரு போட்டோகூட எடுத்திருக்கவில்லை. அவன் வளர்ந்ததற்கு அந்தக் கோடுகள்தான் மிச்சம். இன்றும் நினைத்தால் என் கையே எனக்குப் பிடிக்காமல் போகிறது.

நான் கோடுகளை அழித்த அன்று சாயங்காலம் அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்தார். அம்மா சுவரைக் காட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து, உள்ளங்கையைக் கிடையாகச் சுவரில் வைத்தார்.

"இவ்வளவுதானே இருந்தான்?"

"இல்லீங்க. இன்னும் ஒரு விரல் மேலே."

அப்பா கையைச் சற்று உயர்த்தினார். யாரையோ அளக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் சுவரோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றேன். அப்பாவின் கையைவிட நான் உயரம். எனக்குப் பெருமையாக இருந்தது.