தம்பி தூங்கக் கூடாத அடுப்பு

போன வருஷம் தீபாவளி முடிந்து, மழை விடாமல் அடித்த ஒரு மதியம், மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கதை எங்கேயாவது சுற்றிக்கொண்டு போனால் அவளைத் திட்டாதீர்கள், என் வாய் அப்படி.

எங்கள் வீட்டில் ஒரு இரும்பு விறகடுப்பு இருக்கிறது. இடுப்பு உயரம். விறகு போட ஒரு கதவு, ரொட்டி சுட ஒரு கதவு, புகை போக மேலே ஒரு குழாய், புலிப் பாதம் மாதிரி நாலு கால். என் மாமியார் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் சமையல்காரியாக இருந்தவர். பங்களாவை இடித்தபோது சேலையும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை, அந்த அடுப்பை மட்டும் கேட்டாராம். என் வீட்டுக்காரர் லோரி பிடித்துக் கொண்டுவந்து, கொல்லையில் சுவரில்லாத தகரக் கொட்டகையில் இறக்கினார். மாமியார் சாகும்வரை அதில்தான் ரொட்டி சுட்டார். அந்த ரொட்டியைப் பற்றி ஆரம்பித்தால் மருமகள் எழுந்து போய்விடுவாள், விடுங்கள்.

மாமியாரிடம் ஒரு பழக்கம். பற்றவைக்கும் முன்னால் குழாயைத் தடவி, "தம்பி முழிச்சிருக்கானா?" என்பார். என்னைப் பார்த்து, "நெருப்பு இருக்கிற வரைக்கும் தம்பியத் தூங்க விட்டுறாதே. அவன் தூங்குனா வீடே தூங்கிடும்" என்பார். எனக்கு முதுகு சில்லிட்டுப்போகும். ஏனென்றால் என் வீட்டுக்காரருக்குப் பிறகு பிறந்த ஆண் குழந்தை ஒன்று, தவழும் வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. பெற்ற வயிறு அப்படித்தான் பேசும் என்று நினைத்து, வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாமியார் போன பிறகு நான் காஸ் அடுப்புக்காரி ஆகிவிட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அடுப்புமேல் ஒரு தம்ளர் பாலும் ஒரு பிஸ்கட்டும் வைப்பேன். காலையில் பிஸ்கட்டும் இருக்காது, பாலும் இருக்காது.

"எலிடி," என்பார் வீட்டுக்காரர்.

"எலி பாலை ஆத்திக் குடிக்குமாக்கும்," என்பேன். தம்ளர் கவிழ்ந்ததே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரும் போனார். அடுப்பு துருவேறி, கதவு கழன்று, உள்ளே கோழி முட்டையிட ஆரம்பித்தது. பழைய இரும்பு வாங்கும் லோரிக்காரன் வாசலுக்கு வந்து வந்து கேட்டான். என் மகன் விடவில்லை.

"அம்மா, இது அன்டிக்லா! ஆயாவோட பழைய காலத்துச் சாமான். ரிப்பேர் செஞ்சு கிச்சன்லயே வெப்போம்."

சாலாக் செலாத்தானில் ஒரு சீனர் பட்டறைக்குக் கொண்டுபோனான். அந்த பாஸ் மணலடித்துத் துருவை எடுத்து, உடைந்த கம்பித் தட்டைப் புதிதாகச் செய்து போட்டு, கறுப்புச் சாயம் தேய்த்து, யானைக்குட்டி மாதிரி பளபளவென்று அனுப்பினார். குழாயில் ஒரு கைப்பிடி இறுகிக் கிடந்ததாம், அதையும் எண்ணெய் விட்டு இளக்கிவிட்டாராம். மகன் அதைச் சமையலறையில் நிறுத்தி, குழாயைக் கூரைக்கு மேலே விட்டான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அடுப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அந்த மதியம் மகன் பிரிக்பீல்ட்ஸில் ஆபீசில் இருந்தான். வீட்டில் நானும் மருமகளும் பேத்தியும்தான். ரொட்டி சுட்டோம். கருகியது, ஆனாலும் தின்றோம். விறகு எரிந்து வெறும் தணலாக நின்ற நேரத்தில் மழையோடு காற்றும் கிளம்பியது. பேத்திதான் முதலில் கேட்டாள்.

"பாட்டி, அடுப்புக்குள்ள யாரோ அழுவுறாங்க."

குழாய்க்குள்ளிருந்து சத்தம். இழுத்து இழுத்து, பால் கேட்கிற பிள்ளை மாதிரி. மருமகள் பேத்தியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அத்தே, எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு மட்டும் பயமில்லையா? பாலைக் காய்ச்சி அடுப்புமேல் வைத்தேன். அழுகை நிற்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, மாமியார் தடவின மாதிரியே குழாயைத் தடவினேன். கை அந்தக் கைப்பிடியில் பட்டது. அது மெதுவாகத் திரும்பியது. திரும்பியதும் அழுகை நின்றுவிட்டது.

"பாத்தியா, தூங்கிட்டான்," என்றேன், பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி.

பேத்தி குழாயைப் பார்த்து, "குட் நைட், தம்பித் தாத்தா!" என்றாள்.

சாரல் அடிக்கிறது என்று மருமகள் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினாள். எங்கள் சமையலறையும் ஹாலும் ஒன்றுதான், நடுச்சுவர் கிடையாது. பாய் விரித்து மூன்று பேரும் அங்கேயே படுத்தோம். வந்த தூக்கம் நம் தூக்கம் மாதிரி இல்லை. யாரோ கிணற்றுக்குள் இறக்குகிற மாதிரி இருந்தது.

என்னை எழுப்பியது ஒரு குழந்தையின் அழுகை. காதுக்குப் பக்கத்தில். கண் திறந்தால் தலை கல்லாகக் கனக்கிறது. மருமகள் வாய் திறந்தபடி கிடக்கிறாள். பேத்தியை உலுக்கினேன். கழுத்து துவண்டு விழுந்ததே தவிர, கண் திறக்கவில்லை. வீடே தூங்கிடும் என்று மாமியார் சொன்னது அப்போதுதான் மண்டையில் இடித்தது. தம்பி என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறான்!

கால் நிற்கவில்லை. தவழ்ந்து போய், சுவரைப் பிடித்து எழுந்து, முந்தானையால் கைப்பிடியைத் திருப்பினேன்.

"எந்திரிடா தம்பி! நான் உன் அண்ணிடா! புள்ளய விட்டுடுடா!"

பால் தம்ளரை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். கொல்லையில் பாலை வைத்தால் அவன் அதன் பின்னாலேயே வெளியே போய்விடுவான் என்று எண்ணம். கதவு திறந்ததும் மழைக்காற்று உள்ளே பாய்ந்தது. அந்தக் குளிரில் மருமகள் அசைந்தாள். "ஏய், எந்திரிடி!" என்று நான் போட்ட கூச்சலில் எழுந்து, தள்ளாடிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி வெளியே வந்தாள். மழையில் நனைந்த பிறகுதான் பேத்தி வாந்தி எடுத்து, வீறிட்டு அழுதாள். அடுத்த வீட்டு அங்கிள் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். மூடின வீட்டில் தணல் இருந்தால் விஷக் காற்று வரும், கண்ணுக்குத் தெரியாது, கொஞ்சம் பிந்தியிருந்தால் மூவரும் இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் மகன் பட்டறை பாஸைக் கூட்டிவந்தான். அவர் நேராகக் குழாயிடம் போய்க் கைப்பிடியைத் தொட்டார்.

"ஆன்டி, இது டெம்பர். நெருப்பு இருந்தா ஜாங்ஙான் துத்துப்லா!"

மூடக் கூடாது என்கிறார். குழாய்க்குள் ஒரு இரும்புத் தகடு இருக்கிறதாம். மூடினால் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடுமாம்.

"என்னாது? தம்பியா?"

"தம்பி இல்லம்மா, டெம்பர்!" என்றான் மகன்.

பங்களாத் துரைசானி டெம்பர் என்று சொன்னது மாமியார் காதில் தம்பியாக விழுந்திருக்கிறது! இத்தனை காலமும் ஒரு இரும்புத் தகட்டுக்கா பாலும் பிஸ்கட்டும் வைத்தேன்? வயிறு வலிக்கச் சிரித்தேன். மருமகள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அழுத சத்தமும் காற்றுதான் என்றார் பாஸ். குழாய்க்குள் காற்று ஏறினால் அப்படித்தான் ஊளையிடுமாம்.

"மூடியிருந்தாலும் சத்தம் வருமா, பாஸ்?" என்று கேட்டேன்.

"மூடினா தாக் அடாலா, ஆன்டி. ஒரு சத்தமும் வராது."

என்னை எழுப்பின அழுகை கேட்டபோது தகடு மூடித்தான் இருந்தது. பேத்தி மயங்கிக் கிடந்தாள். அக்கம்பக்கத்தில் கைக்குழந்தை கிடையாது. இதை மகனிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் மருமகளுக்கே தெரிகிறது, கையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

எழுதும்மா. மாமியார் இரும்பைச் சொன்னாரா, பிள்ளையைச் சொன்னாரா என்று இனி கேட்க வழியில்லை, ஆனால் பேத்தி வீட்டுக்குள் தடதடவென்று ஓடுகிற ஒவ்வொரு முறையும், நான் முகம் பார்க்காத கொழுந்தன் ஒருவன் எனக்கு இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.