பேருந்தின் வலதுபக்க ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி வாங்கப் போகிற வழியில் ஒரு தெருவைக் கடக்க வேண்டும். அதற்குள் என் கழுத்து ஒரு நாட்டியமே ஆடிவிடும். முதலில் வலது, பிறகு இடது, மறுபடி வலது, கடைசியில் சந்தேகத்துக்கு வானம். ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலதுபக்கமாகப் போகும். நடக்கிறவன் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். வந்த புதிதில் அம்பத்தூர்க் கழுத்தோடு இறங்கிச் செத்துப் பிழைத்தேன். பிறகு கழுத்து பழகியது. பழகிய கழுத்தோடு ஊருக்குப் போனபோது ஒரு வேன்காரர் என் முட்டிக்கு முன்னால் பிரேக் அடித்து, "யோவ், ஊட்ல சொல்லிக்கினு வன்ட்டியா?" என்று கேட்டார். ஸ்டுட்கார்ட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று பதில் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயும் கழுத்தைப் போலத் திரும்பிக்கொண்டது.

இங்கே எனக்கு முகப்பேர்க்கார நண்பர் ஒருவர் உண்டு. போன வாரம் தொலைபேசியில் பிடித்தார். "பையன் ஸ்கூல்ல பேப்பர் குடுத்திருக்காங்க. பணம் கட்டினா வெளிநாடு கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். உங்க பொண்ணு போனாளே, அவ்ளோ காசுக்கு அது வொர்த்தா, சொல்லுங்க" என்றார். எதைக் கேட்டாலும் நக்கலாக ஒன்று சொல்லி அனுப்புகிறவன் என்று எனக்குப் பெயர். அன்று மட்டும் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கும், அவரைப் போல ஊரிலும் வெளியிலும் இதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என் மகள் ஷீலா பத்தாவது படித்தபோது அந்தக் காகிதம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. மாணவர் பண்பாட்டுப் பயணம், தென்னிந்தியா. கோயில்கள், யானை, வாழையிலைச் சாப்பாடு, சேலை கட்டும் பயிற்சி. நான் பிறந்த ஊரை என் மகளுக்குக் காட்ட ஒரு கம்பெனிக்கு நான் பணம் கட்ட வேண்டும்! விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏம்மா, நானே இலவசமா கூட்டிக்கிட்டுப் போறேனே" என்றேன். அவள் ஜெர்மனில் சொன்னாள்: "உங்களோடு போனால் சொந்தக்காரர்கள் வீடுதான். இதில் போனால் இந்தியாவைப் பார்க்கலாம்." என் சிரிப்பு அங்கேயே நின்றது. மறுநாள் பணம் கட்டிவிட்டேன்.

அவள் சொன்ன சொந்தக்காரர் ஒரே ஒருவர்தான். என் அக்கா ஜெயமேரி. நூம்பலில் இருக்கிறாள். எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், எனக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு. இருவரும் வாசலில்தான் சந்தித்துக்கொள்வோம். கைக்குழந்தையை அக்காவிடம் கொண்டுபோய் விட்டோம். அன்றைக்குப் பலரும் செய்ததுதான். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வயதுவரை ஷீலாவை அவள்தான் வளர்த்தாள். குழந்தைக்கு இடியாப்பத்தில் சர்க்கரை போட்டு, தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தால் உலகமே வேண்டாம். அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். திருப்பி அழைத்துவரப் போன அன்று விமான நிலையத்தில் நான் கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைக்கப் பார்த்தேன். குழந்தை அக்காவின் சேலையை விடவில்லை. அக்கா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். "மறுபடி இவள இங்க இட்டுக்கினு வராதடா. ரெண்டாவது வாட்டி என்னால குடுக்க முடியாது" என்றாள். அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் ஊருக்குப் போய் வந்தேன். ஷீலாவுக்கு அக்கா ஒரு பெயர், அவ்வளவுதான்.

பயணத்தைப் பற்றி அக்காவிடம் போனில் சொன்னேன். எந்தத் தேதி என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, "பஸ்ஸு எந்த வழியா போவுது?" என்று கேட்டாள். சென்னையிலிருந்து காஞ்சிபுரம், அங்கிருந்து பெங்களூர். "அப்போ குமணன்சாவடி தாண்டித்தான போவணும். அந்த ஜங்ஷன்ல எந்த பஸ்ஸு நிக்காம போயிருக்குது? நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன். பஸ்ல போறவள யாரும் என் கையில குடுக்கப் போறதில்ல. நானும் திருப்பிக் குடுக்க வேணாம். பாத்துட்டு வந்துர்றேன்டா."

பயண நிறுவனத்துக்குப் போன் செய்தேன். உறவினரைச் சந்திக்க அனுமதி இல்லை, காப்பீட்டுப் பிரச்சினை என்றாள் போனை எடுத்த பெண். இறங்கவே வேண்டாம், என் அக்கா சாலையோரத்தில்தான் இருப்பாள், பேருந்து ஒரு நிமிடம் நின்றால் போதும் என்றேன். அவள் குரல் சட்டென்று கனிந்தது. "உங்கள் சகோதரி சாலையோரத்தில் வாழ்கிறாரா? எங்கள் நிறுவனம் அப்படிப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு நன்கொடை தருகிறது. ஆனால் மாணவர்கள் நேரடியாக எதுவும் கொடுக்கக் கூடாது." நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அக்காவுக்கு மூன்று அறையில் சொந்த வீடு இருக்கிறது என்பதை ஜெர்மனில் விளக்குவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

அதன் பிறகு என் பதற்றம் ஆரம்பித்தது. சின்ன விஷயத்துக்குப் பெரிய போர்த்தளபதி போலத் திட்டம் போடுவது என் வியாதி. ஷீலாவை உட்கார வைத்துச் சொன்னேன். அத்தை பச்சைச் சேலையில் நிற்பாள். கையில் தூக்குவாளி இருக்கும். நீ வலதுபக்க ஜன்னலில் உட்கார வேண்டும். நடைபாதை வலப்பக்கம்தான் வரும். வலது, வலது, மறக்காதே. அவள் கண்ணை உருட்டினாள். ஆனால் நான் சொன்னபடியே செய்தாள். அவளுக்கு இடப்பக்க ஜன்னலைக் கொடுத்திருந்தார்களாம். ஸ்டெஃபான் என்கிற பையனுக்குச் சாக்லேட் லஞ்சம் கொடுத்து அவனுடைய வலப்பக்க இருக்கையை வாங்கியிருக்கிறாள்.

பேருந்து அந்த வழியே போக வேண்டிய காலையில் குமணன்சாவடி முனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு இங்கிருந்து போன் போட்டு லைனிலேயே நின்றேன். பூத் வைத்திருந்த மணி அக்காவுக்குத் தெரிந்தவன். எனக்குக் கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான்.

"இன்னும் வர்ல அண்ணாத்தே. லாரிதான் போய்க்கினுகீது."

"அக்கா எங்கே?"

"வாசல்லதான் கீது. ஒரு டீ சாப்டுங்கன்னா வேணாங்குது."

"மணி, பஸ் முன்னால துணி பேனர் கட்டியிருக்கும், பாரு."

"நைனா, கத்தாத. என் காது போச்சுன்னா யார் வர்ணனை பண்றது? தோ, வந்துச்சு! வெள்ளக்காரப் பசங்க பஸ்ஸு! நின்னுச்சு அண்ணாத்தே, ஜாம்ல மாட்டிக்கினு நின்னுச்சு! அக்கா ஓடுது... ஜன்னல் ஜன்னலா பாக்குது... கண்ணாடிய தட்டுது..."

பிறகு ஹாரன் சத்தம் மட்டும். "போய்ட்ச்சு அண்ணாத்தே" என்றான் கடைசியில்.

அக்கா போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது. "பாத்தேன்டா."

"பேசினாளா? கையை ஆட்டினாளா?"

"அந்தாண்ட பக்கம் திரும்பி ரோட்டையே பாத்துக்கினு இருந்துச்சு. பின்னந்தலதான் தெரிஞ்சுது. ரெட்டைச் சுழிடா. நான் எண்ண வெச்சு வாரின தல, எனக்குத் தெரியாதா? அப்பிடியே கீது." பிறகு, "நீ எந்தப் பக்கம் ஒக்காரச் சொன்ன?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தியாவில் வண்டி இடதுபக்கமாகப் போகும். நடைபாதை இடப்பக்கம். இத்தனை வருடத்தில் என் உடம்புக்குள் சாலை இடம் மாறியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அக்கா ஒரு கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்க, என் மகள் மறு கண்ணாடி வழியாக அவளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சரி உடு. முகத்தப் பாத்திருந்தா நான் பஸ் பின்னாலயே ஓடியிருப்பேன்" என்றாள் அக்கா. எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது.

ஷீலா திரும்பி வந்து சந்தோஷமாக ஒரு புகைப்படத்தை நீட்டினாள். எதிர்ச்சாரியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் பேருந்துக்குக் காத்திருக்கிறாள். "அத்தை! நான் கையாட்டினேன், அவங்களும் ஆட்டினாங்க!" எந்த ஊர்ப் புண்ணியவதியோ, யாரென்று தெரியாமலே கையாட்டியிருக்கிறாள். நான் "ஆமாம், நல்லா விழுந்திருக்கு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் டியா-ஆபெண்ட். பயணத்தில் எடுத்த ஸ்லைடுகளைப் பெற்றோருக்குத் திரையில் போட்டுக் காட்டும் மாலை. இருட்டு மண்டபத்தில் நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். கோயில் குரங்கு வந்ததும் "என் சித்தப்பா" என்றேன். மாடு வந்ததும் "என் வகுப்புத் தோழன்" என்றேன். ஒவ்வொன்றுக்கும் மண்டபம் குலுங்கியது. அடுத்த ஸ்லைடு விழுந்தது. சுவர் உயரத்துக்கு அக்கா. பச்சைச் சேலை, கலைந்த முடி, ஒரு கையில் தூக்குவாளி, மறு கை கண்ணாடியில். ஆசிரியை விளக்கினார்: "இது ஸ்டெஃபான் எடுத்தது. தெரு வியாபாரிகள் இப்படித்தான் பேருந்தைத் தட்டுவார்கள்."

"அது என் அக்கா" என்றேன்.

மண்டபம் முன்பைவிடப் பலமாகச் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் எழுந்து நின்று, "இல்லை, உண்மையாகவே என் அக்கா. அவள் எதையும் விற்கவில்லை" என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஆயுள் முழுக்கக் கோமாளியாக இருந்தவனுக்கு அழுவதற்கு வேறு முகம் கிடையாது.

சிரிக்காதவள் ஒருத்திதான். ஷீலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நெஜமா?" என்று தமிழில் கேட்டாள்.

"நெஜந்தாம்மா."

"அது என்னோட ஜன்னல்" என்றாள்.

வீடு வரும்வரை காரில் அவள் ஒரு கையைப் பின்னந்தலையில் வைத்தபடியே வந்தாள் என்று என் மனைவி பிறகு சொன்னாள். நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நண்பரே, தகுமா என்று கேட்டால் தகும். சொன்னதையெல்லாம் காட்டினார்கள். யானை இருந்தது, வாழையிலை இருந்தது. ஷீலா இன்றைக்கும் என் மனைவியைவிட நன்றாகச் சேலை கட்டுவாள். அனுப்புங்கள். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டியிருந்தால், அந்த வேலையை மட்டும் பேருந்தை நம்பி விடாதீர்கள். முன்னதாகவே பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்திவிடுங்கள்.

அந்த ஸ்லைடை ஸ்டெஃபான் எனக்கே கொடுத்துவிட்டான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டி வாங்கி வந்ததும் அதைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அக்காவுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டரும் ஒரு கடைப் பலகையும் இருக்கின்றன. நேராகப் பிடித்தால் பலகையில் உள்ள தமிழ் பளிச்சென்று வாசிக்க வரும். அக்கா பேருந்தின் இடப்பக்கம், ஸ்டெஃபானின் ஜன்னலில் நிற்பாள். ஸ்லைடைத் திருப்பிப் பிடித்தால் சாலை புரண்டுவிடும். ஸ்கூட்டர் மறுபக்கம் நோக்கி ஓடும், அக்கா வலப்பக்கத்துக்கு வந்துவிடுவாள், நான் சொன்ன இடத்தில், என் மகளின் ஜன்னலில். அப்போது அந்தப் பலகையை மட்டும் எனக்குப் படிக்க வராது.