நன்றியுரையும் கஞ்சா இலையும்

தில்லியில் ஒரு தமிழ் மன்றம் உடைவதற்குக் கொள்கை வேறுபாடு தேவையில்லை. நன்றியுரையில் ஒரு பெயர் விடுபட்டால் போதும். ஆண்டுவிழாவுக்கு வருவோர் நடனத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் வருவதாக வெளியூரார் எண்ணக்கூடும். உண்மையில் அவர்கள் இறுதியில் ஒலிபெருக்கி தம் பெயரைச் சொல்வதைக் கேட்க வருகிறார்கள். அதுவரை பின்கட்டிலிருந்து வரும் சாம்பார் மணத்தையும் பொறுத்துக்கொள்வார்கள்.

ஜனக்புரியில் மெட்ரோத் தூண்கள் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் வட்டார மன்றத்துக்கு நான் தலைவன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைத் தலைவராக்கி வைப்பது அங்கு மரபு. அவர் கேட்ட இடத்தில் கையொப்பமிடுவார், பிறகு வெண்பா எழுதப் போய்விடுவார். ஆட்சி முழுதும் செயலர் கையில். அவர் நெல்லைக்காரர், தணிக்கைத் துறை அதிகாரி. தாளைப் பாராமல் நன்றியுரைப்பது அவருடைய பெருமை. பந்தற்காரர் தொடங்கிப் புரவலரின் சம்பந்தி வரை ஒருவரையும் விடாமல், உரிய அடைமொழிகளோடு அடுக்குவார். நான் சொல்லவரும் விழாவுக்கு முந்தைய ஆண்டு அந்த அடுக்கில் புரவலரின் பெயரே விடுபட்டுவிட்டது. அரங்க வாடகை முழுவதையும் கொடுத்த அப்பெரியவர் உண்ணாமல் வெளியேறினார். இவ்வாண்டும் அவ்வாறு நேர்ந்தால் செயலரை மாற்றியாக வேண்டும் என்று என்னிடம் சொல்லியனுப்பினார். செயலருக்கு அலுவலகத்தில் பதவி உயர்வு நின்று நெடுநாளாகியிருந்தது. மன்றத்துச் செயலர் பதவி ஒன்றே அவருக்கு மீந்திருந்த உயரம்.

"எழுதி வைத்துப் படித்துவிடுங்களேன்" என்றேன்.

"தாளைப் பாத்துப் படிக்கதுக்குச் செயலாளர் எதுக்குய்யா? ஒரு டைப்பிஸ்ட் போதுமே."

அவருடைய கேட்டுக்கு வாய்த்தவன் என் வீட்டுக்கு ஞாயிறுதோறும் ரசத்துக்காக வரும் சேலத்து மாணவன். முனிர்காவில் அறையெடுத்துத் தங்கி, மூளையும் நினைவும் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தான். கஞ்சாச் செடியிலுள்ள கன்னாபிடியால் என்னும் பொருளைப் பற்றி அவன் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது செயலர் உள்ளே நுழைந்தார். அப்பொருளுக்கு ஒரு நல்ல தமிழ்ப்பெயர் காண நான் முயன்றுகொண்டிருந்தேன். அவர் அதற்கு ஒரு பயனே கண்டுவிட்டார்.

"தம்பி, அந்தச் செடியில ரெண்டு சரக்கு இருக்குன்னுதானே சொல்லுதீய? ஒண்ணு நினைவக் கெடுக்கும், இன்னொண்ணு கெடுக்காது?"

"ரெண்டுக்கும் மேல இருக்குங்க சார். முக்கியமானது ரெண்டு. கன்னாபிடியால் போதை தராதுங்க. மத்தது பண்ற கெடுதலை இது கொஞ்சம் தடுக்குமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா நல்லா இருக்கறவங்களுக்கு இது ஞாபகசக்தியைக் கூட்டும்னு யாரும் நிரூபிக்கலைங்க."

"தடுக்கும்லா?"

"தடுக்குமோன்னுதாங்க சொன்னேன்."

"அச்சா. அப்போ ஒரே இலையில வரவும் இருக்கு, செலவும் இருக்கு. நேராயிரும்."

"இங்க பாங்னு கிடைக்கற கஞ்சா இலையில கெடுக்கறதுதாங்க சார் அதிகம். கணக்கு நேராகாது."

"நான் முப்பது வருசமா ஆடிட்ல இருக்கேன், தம்பி. நேராகாத கணக்க எப்படி நேராக்கணும்னு எனக்குத் தெரியும்."

விழா ஹோலியன்று மாலை. அன்று எல்லா அலுவலகங்களுக்கும் விடுமுறை என்பதால் அந்நாளைத் தேர்ந்திருந்தோம். நண்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் பாங் இலையை அரைத்துக் கலந்த தண்டாயை ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தார். பாலும் வாதுமையும் மிளகும் கலந்த அந்தக் குளிர்பானத்தை மருந்து உண்பவரின் முகத்தோடு செயலர் பருகிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்: "நீங்களாவது சொல்லுங்கய்யா. வீட்டுக்குக் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னா மறந்துட்டு வாராக. மன்றத்து ஆளுக பேரை மறக்காம இருக்கதுக்கு மருந்தாம்."

"கொத்தமல்லிக்கு நன்றி சொல்லணும்னா மறக்கமாட்டேன்" என்றார் செயலர். அப்போது அவர் மிகத் தெளிவாகவே இருந்தார். பாங் உடனே ஏறுவதில்லை என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை.

மாலையில், பட்டிமன்றம் வழக்கம்போல் இல்லறத்தில் விஞ்சுவது கணவனா மனைவியா என்று ஆராய்ந்து, வழக்கம்போல் இருவருமே என்று ஓய்ந்தது. செயலர் எழுந்தார்; நடை சற்றே மிதந்தது. "எங்கள் மன்றத்தின் தூண், வாடாத வள்ளல், நம் புரவலர் அவர்களுக்கு நன்றி" என்று தொடங்கினார். முன்வரிசையில் புரவலர் தலையசைத்தார். செயலர் சிறிது நின்றார், புன்னகைத்தார். பின்பு, "எங்கள் மன்றத்தின் தூண், வாடாத வள்ளல்" என்றார் மறுபடியும். புரவலர் கைகூப்பினார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் எழுந்து நின்று அவையை வணங்கினார். தாம் சற்றுமுன் சொன்னது செயலருக்கு நினைவில் தங்கவில்லை. மறந்துவிடக்கூடாது என்று ஓராண்டு அஞ்சிய அந்த ஒரு பெயர் மட்டும் உறுதியாக நின்றது. தூணையும் வள்ளலையும் தவிர வேறெவரும் அன்று மேடைக்கு வரவில்லை.

"ஏங்க, நாற்காலி குடுத்தது யாரு, அவரா?" என்று ஒரு குரல் எழுந்தது. "மைக் செட் என் மச்சான் தந்தது" என்றது மற்றொன்று. நடனம் ஆடிய சிறுமியரின் தாய்மார் அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் மக்களை இழுத்துக்கொண்டு வெளியேறினர். முகத்திலிருந்த ஹோலிச் சாயம் முழுதும் போகுமுன்பே வட்டாரத்தில் இரண்டாவது தமிழ் மன்றம் உருவாகிவிட்டது. புரவலரோ, தம் வாழ்நாளில் கேட்ட சிறந்த நன்றியுரை இதுவே என்றும், இம்மனிதரே எந்நாளும் செயலர் என்றும் மேடையிலேயே அறிவித்தார்.

மறுநாள் செயலர் என் வீட்டுக்கு வந்தார். மாணவனும் இருந்தான்.

"எப்படி இருந்தது, சார்?" என்றான் அவன், சற்று அச்சத்தோடு.

"ஒரு பேரு விடல, தம்பி. நீரு உம்ம ஆராய்ச்சியில எழுதிக்கிடலாம்."

"எழுத முடியாதுங்க சார். ஆரோக்கியமா இருக்கறவங்களைத்தான் நாங்க சேத்துக்கறது."

செயலர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுச் சென்றார்.

பதவி நிலைத்தது, மன்றந்தான் மெலிந்தது. புரவலரின் குடும்பமும் செயலரின் குடும்பமும் நானும் எஞ்சினோம். அடுத்த ஆண்டுவிழாவை ஒரு வீட்டுக் கூடத்திலேயே நடத்த முடிந்தது. நன்றியுரைக்கு இனி எந்த இலையும் தேவையில்லை என்று நான் ஆறுதலடைந்தேன். செயலரும் மோர் மட்டுமே அருந்தி, தெளிந்த அறிவோடு எழுந்து, புரவலரையும் அவர் சுற்றத்தையும் தம் மனைவியையும் முறையாக வாழ்த்தி அமர்ந்தார். என் பெயரை விட்டுவிட்டார்.

நான் உண்ணாமல் வெளியேறினேன். நல்லவேளையாக, புதிய மன்றத்துக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார்.