வேப்பிலை கட்டிய தட்டி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் வந்த கதையைச் சொல்லச் சொன்னால், முதல் கோடாரியைப் போட்டது தான்தான் என்றுதான் நைனா கடைசிவரைக்கும் ஆரம்பிப்பார். பொய்யில்லை. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ் எங்கள் ஊரில் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும். அவ்வளவு பெரிய ஊர்! ஆனாலும் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பின்பக்கம் ஏரிக்கரை வரைக்கும் வேலிக்காத்தான் முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. பையன்கள் சடுகுடு ஆட இடமில்லை என்று பெரிய வாத்தியார் பெற்றவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சர்க்கார் வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் இந்தப் பையன்கள் பேரப்பிள்ளை எடுத்துவிடுவார்கள், நீங்களே வந்தால் ஒருநாள் வேலை என்றார். நைனா ரோஷக்காரர். அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லாரும் கத்தி, கோடாரி, கடப்பாரையோடு வந்து இறங்கினார்கள். மோர்ப்பானை வந்தது. பீடிக்கட்டு வந்தது. வேலையைவிடப் பேச்சு அதிகம்தான் என்றாலும் பொழுது சாய்வதற்குள் அந்த இடம் மொட்டை அடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. பள்ளியின் பின்வாசலில் நின்றால் ஏரிக்கரையில் மாடு ஓட்டிப் போகிறவரின் முகம் தெரிந்தது. பெரிய வாத்தியார் நைனாவுக்கு ஒரு கதர்த் துண்டு போர்த்தினார். நைனா அதைத் தோளிலிருந்து எடுக்காமலே சாப்பிட்டு, எடுக்காமலே தூங்கினார்.

அப்போது நான் இரண்டாவது, அக்கா ஏழாவது. அந்த வருஷம்தான் அவள் தாவணி போட ஆரம்பித்திருந்தாள். கணக்கில் புலி. தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவாள், வருவாள்.

மைதானம் வந்ததிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. காலையில் ஒருவாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். அம்மா கூழ் கரைத்து நீட்டினால் தள்ளிவிடுவாள். சாயங்காலம் மணி அடித்ததும் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். வீட்டுக்குள் பையை வீசிவிட்டு நேரே புழக்கடைக்குப் போவாள். வழியில் ஒரு நாவற்பழம் பொறுக்க விட மாட்டேன் என்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். இப்படியே ஓடிக்கொண்டிருந்தவள் ஒருநாள் அடிவயிறு வலிக்கிறது என்று படுத்தாள். சுரம் அனலாய் அடித்தது. சுரம் விட்டது, ஆனால் பள்ளிக்கூடம் என்றால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வகுப்பில் தாவணி போட்ட மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

"இன்னா, இஸ்கோலு கசந்து பூடுச்சா?" என்றார் நைனா. "சரி வுடு, பொட்டப் புள்ள படிச்ச வரைக்கும் போதும். வாலாஜாபாத்துல மாமங்காரன்கிட்ட பேசி முடிச்சிடறேன்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அரிசி மில்லில் மூட்டைக்குத் தையல் போடுகிறவர். எனக்கு மிட்டாய் வாங்கித் தருகிற நல்ல மனுஷன்தான், ஆனால் அக்காவைவிட ஒரு மடங்கு வயசு அதிகம். அக்கா போர்வைக்குள் தேம்பினாள்.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ," என்றாள் அம்மா நைனாவிடம். "அதுக்குள்ள இன்னா குடியா முயுகிப் பூடப்போவுது?"

எனக்கானால் உயிரே போய்விட்டது. அக்கா இல்லாமல் அந்தக் கழனி வரப்பில் நான் ஒண்டியாகப் போவதா? அழுதேன், புரண்டேன், அம்மாவிடம் முதுகில் நாலு வாங்கினேன்.

அந்த வாரம் முழுக்க அம்மா வீடு வீடாகப் போய் யார்யாரோடோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்தப் பெரிய பெண்களின் அம்மாக்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் சாணக் கூடையும் பனையோலைக் கட்டுமாகப் பள்ளிக்கு வந்தார்கள். வகுப்பறைத் தரையை மெழுகிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றார்கள். தாய்மார்களும் தொண்டுக்கு வந்துவிட்டார்களே என்று பெரிய வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

பாதிப் பேர்தான் மெழுகினார்கள். மீதிப் பேர் மைதானத்தின் மூலையில் குழி தோண்டி, வெட்டிப் போட்டிருந்த முள்மரத்துக் கொம்புகளையே நட்டு, ஓலைத்தட்டி கட்டி மறைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாதபடி வாசலுக்கு எதிரே இன்னொரு தட்டி. உள்ளே ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். கடைசியாக அம்மா வாசலின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலையைச் செருகினாள்.

எங்கள் பக்கத்தில் வாசலில் வேப்பிலை இருந்தால் அங்கே ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வெளி ஆள் காலெடுத்து வைக்க மாட்டான். பெரிய வாத்தியார் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார்.

"என்னம்மா, அம்மன் காரியமா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொம்பளைங்க காரியம் சார். ஆம்பளைங்க யாரும் அந்தாண்ட போவக்கூடாது."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை பிரார்த்தனையில், பந்து அந்தப் பக்கம் விழுந்தால்கூட எந்தப் பையனும் போகக்கூடாது என்று உத்தரவே போட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமையே அந்தத் தட்டிக்கு முன்னால் கண்ணை இறுக மூடி நின்று, ஆத்தா, எங்க அக்காவைத் திரும்ப அனுப்பு, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அக்கா தலைபின்னி, பூ வைத்து, பையோடு நிற்கிறாள்! அப்பாடா, எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பள்ளிக்குப் போனதும் அவளை இழுத்துப் போய்த் தட்டிக்கு முன்னால் நிறுத்தி, விழுந்து கும்பிடு என்றேன். பெரிய பெண்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆத்தா கண்ணைக் குத்தப் போகிறாள் என்று நான்தான் அவர்களுக்காகவும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நானும் தாவணி போட்ட பிறகுதான் அந்தத் தட்டி எதற்கு என்று தெரிந்தது. பெரிய பெண்கள் ஒதுங்குவதற்கு அதுவரை இருந்த ஒரே மறைப்பு அந்த வேலிக்காத்தான் புதர்தான். நைனா முதல் கோடாரியைப் போட்டது அதன் மேல்தான். கடைசிவரை அது அவருக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. வேப்பிலை வாடினால் மாற்றிச் செருகவும், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றவும் அம்மாக்கள் முறைவைத்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் துண்டு போர்த்தவில்லை. அக்கா எட்டாவது முடித்து, உத்திரமேரூரில் மேலே படித்து, டீச்சரம்மா ஆனாள். மாமாவுக்கும் நல்ல இடத்தில் பெண் கிடைத்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிளம்புகிற நேரத்தில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அக்கா அம்மாவையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சொம்பை வாங்கி, மடக்கு மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

தண்ணீர் குடித்ததற்கா அழுவார்கள்? இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.