சாந்தியின் பால் டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை புஞ்சாக் ஆலாம் பேரங்காடியில் என் தங்கை சாந்தி ஒரு பால் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாக்டோஸ் இல்லாத பால். முந்திய வாரம்தான் ரவாங் கிளினிக்கில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: பாலில் இருக்கிற சர்க்கரை உங்கள் வயிற்றுக்குச் செரிக்கவில்லை, நம்மவர்களில் நிறையப் பேருக்கு இது உண்டு, தெரியாமலே குடிக்கிறார்கள்.

“இதுக்குன்னு தனியா பாலே விக்கிறானுங்கண்ணே,” என்றாள். “நமக்குத்தான் தெரியல லா.”

ஐம்பதை நெருங்குகிறவள். பெட்டியை வாங்கித் தள்ளுவண்டியில் போட்டேன்.

பச்சைப் பால் வாடை அடித்தால் எனக்கு எங்கள் செம்பனைத் தோட்டத்து மாட்டுக் கொட்டகைதான் ஞாபகம் வரும். சாணி, மாட்டுக்குப் போடுகிற கொசுப்புகை, ஈரத் தகரம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு மாமா மாடு வைத்திருந்தார். அங்கே வாங்குகிற பாலில் பெரிய டம்ளர் சாந்திக்கு. எனக்குப் பாலில்லாத கோப்பி ஓ. அவள் நோஞ்சான், நான் தடியன், அம்மாவின் கணக்கு அப்படி. அந்த டம்ளரைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சுக்கு அளவே இல்லை.

குடித்த கொஞ்ச நேரத்தில் அவள் வயிறு இரைய ஆரம்பிக்கும். உப்பும், பிடுங்கும். லயத்துக் கோடியில் இருக்கும் கக்கூசுக்கு ஓடுவாள். சூடு என்றார்கள், கண்ணு பட்டிருச்சு என்றார்கள், குடல் ஏறியிருக்கு என்று ஒருத்தர் எண்ணெய் போட்டுத் தடவினார். எதன் மேலெல்லாமோ சந்தேகம் போனது, பால் மேல் மட்டும் போகவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பால் ஆகாது என்று யாருக்குத் தோன்றும், சொல்லுங்கள். வயிற்றால் போய்ப் போய் இளைத்துவிட்டாளே என்று அம்மா இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் ஊற்றினார்.

கணக்கில் அவள் புலி. நான் எலி. கோல சிலாங்கூர் இடைநிலைப் பள்ளிக்குத் தோட்டத்து முச்சந்தியில் பஸ் ஏறுவாள். இரண்டாம் படிவம் படிக்கையில் ஒரு காலை, வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. சீருடையிலேயே ஆகிவிட்டது. பின்னால் இருந்ததுகள் சிரித்திருக்கின்றன. அதோடு சரி. அம்மா கெஞ்சினார், அடித்தார், அடித்துவிட்டு அழுதார். “செத்தாலும் பஸ்ஸுல ஏற மாட்டேம்மா,” என்றுவிட்டாள். பிறகு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், ராசா டவுனில் வீடு.

அம்மா விடவில்லை. பிள்ளை வயிறு சரியாகும்வரை வருஷா வருஷம் பால்குடம் என்று மாரியாத்தாவுக்கு நேர்ந்துகொண்டார். மஞ்சள் சேலையில் சாந்தி குடம் சுமந்து வருவாள். அபிஷேகம் முடிந்ததும் அம்மா அந்தப் பாலை ஒரு டம்ளர் பிடித்துவந்து, “ஆத்தா குடுத்த மருந்துடி, சிந்தாம குடி,” என்பார். சாயங்காலம் அவள் சுருண்டு கிடப்பாள். ஆத்தாவுக்கு இன்னும் மனசு இரங்கவில்லை என்று அடுத்த வருஷத்துக்கும் அம்மா நேர்ந்துகொள்வார். யாரைக் கோபித்துக்கொள்வது?

பேரங்காடியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குத்தான் போனோம். தோட்டத்தைக் கம்பெனி விற்றபிறகு பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார். வாங்கிய பெட்டியைக் காரிலேயே விட்டுவிடச் சொன்னாள் சாந்தி. உள்ளே பால் பொங்குகிற வாடை.

“பாப்பா வர்றான்னு நல்ல பாலா வாங்கி வச்சேன். எளச்சுப் போயிட்டியேடி,” என்று அம்மா டம்ளரை நீட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். சாந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கினாள். ஊதி ஊதி முழுக்கக் குடித்தாள்.

காரில் ஏறியதும் கத்தினேன். “பைத்தியமா உனக்கு? டாக்டர் சொன்னதச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அம்மா எந்த நாளைன்னு நெனச்சு அழும்ணே? விடு.”

கொஞ்ச தூரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “எண்ணெய் ஸ்டேஷன் வந்தா நிறுத்து.”

பழைய தோட்டத்து முச்சந்தியில்தான் இப்போது பெட்ரோல் ஸ்டேஷன். நிறுத்தினேன், ஓடினாள். லயம் இல்லை, மாட்டுக் கொட்டகை இல்லை, கோயிலைக்கூட எங்கேயோ மாற்றிவிட்டார்கள். புத்தகப்பையோடு அவள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் இருந்தது. அங்கேயே நின்று அவளுக்காகக் காத்திருந்தேன்.