அக்கா வந்தால் போதாது

வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் சிக்கிக்கொண்டது. மகளின் கான்வென்டுக்கு நான் ஓடிச் சேர்ந்தபோது பெற்றோர் கூட்டம் முடியும் நேரம். தலைமையாசிரியையான கன்னியாஸ்திரியை அங்கே எல்லோரும் ‘மதர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேஜைக்கு முன்னால் மகள் அழுதுகொண்டு நின்றாள். என்னைக் கண்டதும், “அக்கா!” என்று வந்து கட்டிக்கொண்டாள்.

மதரின் முகம் இறுகியது. “அம்மா வரணும்னுதானே சொன்னேன்? அக்கா வந்தா போதாது. அம்மா வராம நாளைக்கு இவ கிளாசுக்குள்ள வரக் கூடாது.”

நான் சுடிதாரில் போனதும் தப்பாய்ப் போயிற்று. கணவர் துபாயில். நானும் மகளும் என் பிறந்த வீட்டில். என் தம்பிமார் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு நான் அக்காதான். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் ஒரு அதிசயமா? மதர் வெளியூர்க்காரர்.

“நான்தான் இவளைப் பெத்தவ” என்றேன். அவர் நம்பவில்லை. மகளிடம் திரும்பி, “பொய் சொல்லாதே, இது யாரு?” என்று அதட்டினார்.

பிள்ளை நடுங்கிப்போய், “அக்கா, மதர்” என்றது.

எனக்குச் சுள்ளென்று வந்தது.

“பெறாத உங்களை இவ மதர்னு கூப்பிடுதா. பெத்த என்னைய அக்கான்னு கூப்பிடுதா. முதல்ல எதைத் திருத்தணும்னு நீங்களே சொல்லுங்க, மதர்.”